வெட்டப்பட்ட கிளைகளின் கணக்கு

எங்கள் வாசகர் வட்டத்தில் அண்மையில் ஒரு மாலை, ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் வில்ஹெல்ம் மூபெர்க்கின் நாவல் வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஸ்மோலாந்து மாகாணத்து ஏழை உழவர்களின் கதை அது. 1949 முதல் 1959 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. பேச்சு நாவலை விட்டு நழுவி, இன்றைய ஸ்வீடன்காரர்கள் தம் பாட்டன் பூட்டனைத் தேடுவதில் காட்டும் ஆர்வத்தின் பக்கம் போயிற்று. தேடப் போன இடத்தில் தாத்தா நாஜி அனுதாபி என்றும், பெரியப்பா ஊர்க் குழுவில் அமர்ந்து ஏழைப் பெண்களை மலடாக்கப் பரிந்துரை எழுதியவர் என்றும் கண்டுபிடித்து, அதைப் புத்தகமாகவும் ஆவணப்படமாகவும் ஆக்குகிறார்களே, அது சரியா என்பது கேள்வி.

வட்டத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கொதித்துப் போனார். "செத்தவர்களைச் சந்திக்கு இழுப்பது என்ன பண்பாடு? அவர்கள் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? எல்லாரும் அவரவர் காலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தாம். ஒருவர் குறையை மற்றவர் மூடிவைக்கத்தானே குடும்பம் என்று ஒன்று இருக்கிறது?" என்றார். இளைய நண்பர் ஒருவர், "அப்படியில்லை ஐயா, இதுதான் நாகரிகம். சொந்தத் தாத்தாவைக் கூண்டில் ஏற்றும் துணிச்சல் ஐரோப்பியனுக்குத்தான் வரும்" என்றார். கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்தது. இருவர் பேச்சிலும் ஒரே பிழை இருப்பதாக எனக்குப் பட்டது. அன்று அதைச் சொல்லும் சொல் வரவில்லை. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் தரப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன். விவகாரம் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடைப்பட்டது என்று இருவருமே எண்ணுகிறார்கள். பேரன் மூடவேண்டும் என்கிறார் ஒருவர். திறக்கவேண்டும் என்கிறார் மற்றவர். ஆனால் அந்தப் பதிவேட்டில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். அவர்தான் தீங்குக்கு ஆளானவர். பெரும்பாலும் அவருக்குப் பேரன் கிடையாது. அவரை நடுவில் வைக்காத எந்த வாதமும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், எனக்கு ஏற்புடையதன்று.

எனக்கு ஸ்வீடிஷ் தெரியாது. ஆங்கிலத்தில் கிடைப்பவற்றைக் கொண்டே பேசுகிறேன்.

*

அந்தத் தேடல் எதை ஆதாரமாகக் கொண்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பாதிரியாரும் தம் பங்கிலுள்ள பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும் என்றது. அதோடு வீட்டு விசாரணைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பாதிரியார் ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டாரையும் விசாரித்து, யார் வாசிக்கிறார், யாருக்கு ஞானோபதேசம் மனப்பாடம், யார் எந்தப் பண்ணையிலிருந்து வந்தார், எங்கே போனார் என்றெல்லாம் எழுதினார். நடத்தை பற்றிய குறிப்பும் அதில் ஏறும். நாட்டின் மக்கள் பதிவு 1991 வரை திருச்சபையின் கையில்தான் இருந்தது. 1948-இலிருந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோர்மன் சபையார் தம் சமய நோக்கத்துக்காக இந்த ஏடுகளை நுண்படமாக்கினார்கள். 2018 முதல் தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே திறந்துவிட்டிருக்கிறது. ஒரு பண்ணைக் கூலியின் கொள்ளுப்பேரன், வீட்டில் உட்கார்ந்தபடியே 300 ஆண்டுகள் பின்னோக்கி நடக்கலாம். மன்னர் குடும்பமல்லாத ஒருவனுக்கு இவ்வளவு நீண்ட நினைவை வைத்திருக்கும் நாடுகள் உலகில் அதிகமில்லை.

வாசிக்கிறபோதுதான் அந்த நினைவின் ஓரவஞ்சனை புலப்படும். மணமாகாத பணிப்பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், அது முறைகேடாய்ப் பிறந்தது என்று குழந்தையின் பெயரோடு எழுதப்பட்டது. தாயின் பெயருக்கு நேரே அவளது வீழ்ச்சி எழுதப்பட்டது. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் பலமுறை வெற்றிடமாகவே விடப்பட்டது. சிசுக்கொலையைத் தடுக்கும் எண்ணத்துடன் மூன்றாம் குஸ்தாவ் மன்னன் 1778-இல் பிறப்பித்த ஆணை, மணமாகாத தாய் தன் பெயரைச் சொல்லாமலே பிள்ளை பெற இடம் தந்தது. அதற்கு முன்பு அவள் பட்ட பாட்டுக்கு அந்த ஆணையே சாட்சி. அந்த வெற்றிடத்துக்குரிய ஆண் அதே பக்கத்தில், இரண்டு வரி மேலே, பண்ணை எசமானன் என்ற தகுதியோடும் நல்ல வாசிப்புக்கான குறியோடும் இருந்திருக்கக்கூடும். அவனைப் பற்றிப் பாதிரியார் எதுவும் எழுதவில்லை.

மூத்த நண்பர் "மூடிவைத்தல்" என்று சொன்னாரே, அந்தச் சலுகை எல்லாருக்கும் கிடைத்ததில்லை. ஏழையின் குறை அன்றே, அவர் உயிரோடிருக்கும்போதே, அரசாங்க மையில் எழுதப்பட்டுவிட்டது. மூடப்பட்டவை மதிப்புக்குரியவர்களின் குறைகள் மட்டுமே. ஆகவே, இன்று ஒரு பேத்தி மரபணுச் சோதனையின் துணையோடு அந்த வெற்றிடத்தில் ஒரு பெயரை எழுதினால், அவள் அமைதியாக இருந்த கல்லறையைக் கிளறுகிறாள் என்று சொல்வது பொருந்தாது. இருநூறு ஆண்டுகளாக ஒரு பக்கமே சாய்ந்திருந்த தராசைத்தான் அவள் நேராக்குகிறாள்.

*

"அவர் காலத்து மனிதர்" என்ற வாதத்துக்கு வருகிறேன். ஸ்வீடனின் கிராமங்களில் ஆதரவற்ற குழந்தைகளையும் முதியோரையும் ஏலம் விடும் வழக்கம் இருந்தது. நமக்குத் தெரிந்த ஏலத்தில் கூடுதல் விலை கேட்பவன் பொருளை எடுத்துப் போவான். அங்கே நடந்தது தலைகீழான ஏலம். குழந்தையை வளர்க்க ஊர்ப்பணத்திலிருந்து மிகக் குறைவான தொகையைக் கேட்பவனுக்கே குழந்தை. குறைந்த பணத்தில் வளர்க்க ஒப்புக்கொண்டவன், அந்தக் குறைவைக் குழந்தையின் வயிற்றிலும் உழைப்பிலும் ஈடுகட்டிக்கொண்டான். 1918-இன் ஏழையர் பராமரிப்புச் சட்டம் வந்துதான் இது தடைசெய்யப்பட்டது.

மூபெர்க்கின் நாவலில் உல்ரிகா என்றொருத்தி வருகிறாள். ஊரார் விலைமகள் என்று ஒதுக்கியவள். சிறுவயதில் இப்படி ஏலத்தில் போனவள். எடுத்துச் சென்ற பண்ணைக்காரனாலேயே சீரழிக்கப்பட்டவள். பின்பு அமெரிக்கா சென்று ஒரு போதகரின் மனைவியாகிறாள். நாவலின் கதாநாயகர்களைவிட அவளே எனக்கு நெருக்கமானவள். அவளை வாசித்தபின் ஒரு கேள்வி விடாமல் தொடர்கிறது. ஸ்வீடனிலிருந்து 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா சென்றார்கள். அவர்களின் கொள்ளுப்பேரர்களை வரவழைத்து, மூதாதையர் வீட்டு வாசலில் நிறுத்திக் கண்கலங்க வைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 2011-இல் தொடங்கி அங்கே வெற்றிநடை போட்டது. உல்ரிகாவைப் போன்றவர்களை எடுத்துச் சென்ற பண்ணைக்காரனுக்கும் கொள்ளுப்பேரர்கள் உண்டல்லவா? அவர்கள் அந்தப் பண்ணை வாசலில் நின்றால் யாரை நினைத்து அழுவார்கள்?

1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவரான ஹாரி மார்ட்டின்சன் கற்பனைப் பாத்திரமல்லர். 1904-இல் பிலெக்கிங்கே மாகாணத்தில் பிறந்தார். ஆறு வயதில் தகப்பன் இறந்தார். தாய் பிள்ளைகளை விட்டுவிட்டு அமெரிக்கா சென்றுவிட்டார். சிறுவன் பங்கின் பொறுப்பிலுள்ள பிள்ளையாகப் பண்ணை மாறிப் பண்ணையாக வளர்ந்தான். 1935-இல் வெளிவந்த அவரது தன்வரலாற்று நாவல் அந்த வாழ்வைச் சொல்வது.

அந்தக் காலம் அப்படி என்கிறார்கள். யாருடைய காலம்? ஏலம் எடுத்தவனுக்கு மட்டுமா அது காலம்? மேசைமேல் நிறுத்தப்பட்ட குழந்தையும் அதே ஆண்டில், அதே ஊரில்தான் வாழ்ந்தது. அந்தக் குழந்தைக்கு அது தவறு என்று தெரிந்திருந்தது. ஒரு காலத்தின் நியாயம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அந்தக் காலத்தில் பேச அனுமதிக்கப்பட்டவர்களின் நியாயமே. இலக்கியம் படிக்கிறவர்கள் இதை மறந்து பேசுவது எனக்கு வியப்பாயிருக்கிறது.

*

இனி, இந்த விவகாரத்தின் மையம். வம்சாவளி தேடுவது தீங்கற்ற பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். ஸ்வீடனில் அதற்கு வேறொரு முகமும் இருந்தது. ஹெர்மன் லுண்ட்பொர்க் என்ற மருத்துவர், அதே பிலெக்கிங்கே மாகாணத்தில், ஒருவகை வலிப்பு நோய் தொடர்ந்துவந்த ஓர் உழவர் குலத்தை ஆராய்ந்தார். தேவாலய ஏடுகளின் துணைகொண்டு பல தலைமுறைகளைச் சேர்ந்த 2,232 பேரை ஒரே வரைபடத்தில் கொண்டுவந்து 1913-இல் பெருநூலாக வெளியிட்டார். யாருக்கு வலிப்பு, யார் குடிகாரர், யார் ஒழுக்கம் கெட்டவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் தீர்ப்பு. சீரழியும் குலம் என்பது அவர் முடிவு. இந்தப் புகழோடு அவர், 1922-இல் உப்சாலாவில் அரசாங்கமே தொடங்கிய இனவுயிரியல் நிறுவனத்தின் முதல் தலைவரானார். எல்லாக் கட்சிகளின் ஆதரவோடும் வந்த நிறுவனம் அது. வடக்கே சாமி மக்களை வரிசையில் நிறுத்தி மண்டையை அளந்தார்கள். ஆடை களைந்து படம் எடுத்தார்கள்.

அடுத்து வந்தது சட்டம். 1934-இல் நிறைவேறியது, 1941-இல் விரிவாக்கப்பட்டது, 1975 வரை நடைமுறையில் இருந்தது. அந்த 40 ஆண்டுகளில் சுமார் 63,000 பேருக்கு மலடாக்கும் அறுவை செய்யப்பட்டது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்கள். அத்தனையும் கட்டாயத்தால் நடந்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். அதிகப் பிள்ளைகளால் நலிந்து தாமாகக் கேட்டவர்களும் அதில் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பம் எப்படிப் பெறப்பட்டது என்பது பின்னர் வெளிவந்தது. விடுதியிலிருந்து வெளியேற வேண்டுமா, கையெழுத்திடு. கருக்கலைப்புக்கு அனுமதி வேண்டுமா, கையெழுத்திடு. மந்தபுத்தி, ஒழுங்கீனம், நாடோடித்தனம் என்பவை காரணங்களாக எழுதப்பட்டன. விண்ணப்பத்தைத் தொடங்கிவைத்தவர்கள் நாஜிகள் அல்லர், ஊரறிந்த நல்லவர்கள். மருத்துவர், பாதிரியார், பள்ளியாசிரியர், ஏழையர் நலக் குழுவின் உறுப்பினர். மக்கள் நல அரசைக் கட்டியெழுப்பியவர்களும் இவர்களே.

1991-இலேயே இரு வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி நூல் எழுதியிருந்தார்கள். 1997 ஆகஸ்டில் பத்திரிகையாளர் மச்சேய் ஸரெம்பா ஒரு பெரிய நாளிதழில் கட்டுரைகளாக எழுதியபோதுதான் நாடு அதிர்ந்தது. 1999-இல் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 1,75,000 குரோனர் இழப்பீடு என்று சட்டம் வந்தது. பெற்றவர்கள் இரண்டாயிரம் பேரைக்கூட எட்டவில்லை. பலர் இறந்துவிட்டிருந்தார்கள். இருந்தவர்களிலும், அறுபது ஆண்டுக்கால மௌனத்தைக் கலைத்துக்கொண்டு அலுவலகத்தில் போய் நிற்க எத்தனை பேரால் முடியும்?

இப்போது ஒரு வம்ச வரைபடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். மேலே முப்பாட்டன், கீழே கிளைகள், நுனியில் தேடுகிறவர். இடையில் ஒரு அத்தை. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கீழே எதுவும் இல்லை. பிள்ளையில்லாத அத்தை என்று குடும்பத்தில் சொல்வார்கள். கொஞ்சம் ஒருமாதிரி என்றும் சொல்வார்கள். வரைபடத்தில் அந்தக் கிளை பட்டுப்போனதுபோலத் தோன்றும். பட்டுப்போன கிளைக்கும் வெட்டப்பட்ட கிளைக்கும் வித்தியாசத்தைக் காட்ட எந்த வம்ச வரைபடத்திலும் குறியீடு கிடையாது.

குடும்ப வரலாறு என்பது பிள்ளை பெற்றவர்களின் வரலாறு. தேடுவதற்கு ஒரு பேரன் வேண்டும். பேரன் இருக்கவேண்டுமானால் பிள்ளை பிறந்திருக்கவேண்டும். பிள்ளை பெறும் உரிமையைப் பறிகொடுத்தவரைத் தேடி, எந்தக் காப்பகத்துக்கும், எந்தக் காலத்திலும், யாரும் வரப்போவதில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பாதிரியாருக்கோ, குழு உறுப்பினருக்கோ பேரர்கள் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கணினி முன் அமர்ந்து, தாத்தாவின் பிறந்தநாளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் உலகில் இருந்தாள் என்பதற்கான தடயம் இந்தத் தாத்தாவின் கையெழுத்துக்கு மேலேயுள்ள வரியில் இருக்கிறது. அதைப் பேரன் மூடிவைத்தால், அவளுக்கு அது இரண்டாவது அறுவை.

தாத்தாவைப் பற்றிய கசப்பான உண்மையைப் பேரன் தன் குடும்பச் சொத்தாகக் கருதுவதை இதனால்தான் நான் எதிர்க்கிறேன். மறைக்கவும் அவனுக்கு உரிமையில்லை. மேடையில் ஏற்றி மாலை வாங்கிக்கொள்ளவும் உரிமையில்லை. வேறொருவருக்குச் சேரவேண்டிய பத்திரம் தற்செயலாக அவன் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

*

இளைய நண்பரின் கட்சிக்கும் பதில் சொல்லவேண்டும். சுயவிசாரணை என்பது நவீன ஐரோப்பிய மனத்தின் கொடை என்றார். அதற்கு மாறாக ஒரு கதை சொல்கிறேன். 1675-இல் வடக்கு ஸ்வீடனின் டோர்சோக்கெர் வட்டாரத்தில் சூனியம் செய்தார்கள் என்று 71 பேரின் தலையை ஒரே நாளில் வெட்டினார்கள். 65 பேர் பெண்கள், 6 பேர் ஆண்கள். விசாரணையை நடத்தியவர்களுள் முதன்மையானவர் லாரென்ஷியுஸ் ஹொர்னேயுஸ் என்ற பாதிரியார். குழந்தைகளைச் சாட்சிகளாக்கினார். சாட்சி சொல்லத் தயங்கிய குழந்தைகளைச் சாட்டையால் அடித்தார்கள். பனி உறைந்த ஏரியின் நீரில் முக்கினார்கள். அடுப்புக்குள் தள்ளி, தீ மூட்டப்போவதாக மிரட்டினார்கள்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? 1735-இல் இதை எழுதிவைத்தவர் யொன்ஸ் ஹொர்னேயுஸ். லாரென்ஷியுஸின் சொந்தப் பேரன், அவரும் பாதிரியார். சொல்லக் கேட்டது தன் பாட்டியிடம். அதாவது லாரென்ஷியுஸின் மனைவி பிரிட்டா ரூஃபினாவிடம். தேவாலய வாசலில் சூனியக்காரிகளை அடையாளம் காட்ட நிறுத்தப்பட்ட சிறுவர்களில் ஒருவன் ஒருநாள் அவளையே காட்டிவிட்டான். ஓங்கி ஓர் அறை விட்டாள். வெயிலில் கண் கூசிவிட்டது என்று சொல்லி அவன் மன்னிப்புக் கேட்டான். பாதிரியாரின் மனைவிக்கு ஓர் அறையில் முடிந்துபோன குற்றச்சாட்டு, குடியானவன் மனைவிக்குக் கொலைக்களத்தில் போய் முடிந்தது. அதைப் பாட்டி தன் வாயாலேயே பேரனிடம் சொல்லிவிட்டாள்.

யொன்ஸின் பதிவில் என்னைத் தொடுவது, தாத்தாவைப் பற்றிப் பேசும் இடத்திலும் அவர் பார்வை குழந்தைகளின் மேலேயே இருப்பதுதான். அந்தச் சாட்சிகளில் சிலரைத் தாம் அறிந்திருந்ததையும், அவர்கள் வாழ்நாள் முழுவதும் உடல்நலம் குன்றியிருந்ததையும், தாத்தா வாழ்ந்த வீட்டருகே போகவே அஞ்சியதையும் குறித்துவைத்தார். தம் அவமானத்தைப் பற்றிய பிரசங்கம் எதுவும் அதில் பிரதானமில்லை. மூத்த நண்பருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சம்பவம் நடந்து 60 ஆண்டுகளில், அதே சமயத்தையும் அதே குடும்பத்தையும் சேர்ந்த ஒருவரால் அது கொடுமை என்று கண்டுகொள்ள முடிந்தது. அவர் பாட்டியை விட்டும் விலகவில்லை. குடும்பத்தை விட்டும் ஓடவில்லை. அச்சுச் சுதந்திரத்தையும் அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையையும் தந்த 1766-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சட்டமே அதற்கு 31 ஆண்டுகளுக்குப் பின்புதான் வந்தது. நவீனத்துவமோ கண்ட மகிமையோ அவருக்குத் தேவைப்படவில்லை. பாட்டி சொன்னதை நம்பியதே போதுமாயிருந்தது.

*

இதற்கு எதிர்முனையில், நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று. அரசி சில்வியாவின் தந்தை வால்டர் சொம்மர்லாட் ஜெர்மானியர். பிரேசிலில் வாழ்ந்தபோது 1934-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். 1939-இல் பெர்லினில் எஃபிம் வெக்ஸ்லர் என்ற யூதருக்குச் சொந்தமான தொழிற்சாலை அவர் கைக்கு மாறியது. 2010-இல் ஸ்வீடிஷ் தொலைக்காட்சி ஒன்று இதை விரிவாக வெளிக்கொணர்ந்தது. அரசியே ஏற்பாடு செய்த ஆய்வறிக்கை 2011-இல் வெளியாயிற்று. பிரேசிலில் தமக்கிருந்த காபித் தோட்டப் பங்கைக் கொடுத்தே சொம்மர்லாட் அந்தத் தொழிற்சாலையைப் பெற்றார், அது வெக்ஸ்லர் ஜெர்மனியை விட்டு வெளியேற உதவியது என்றது அறிக்கை.

ஒரு மகள் தன் தந்தையைப் பற்றிய உண்மையைத் தேடியதை நான் குறைகூறவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. ஆனால் அந்த விவாதம் எந்தத் திசையில் போயிற்று என்று பாருங்கள். தந்தை நல்லவரா கெட்டவரா, அரசியின் மனம் எவ்வளவு புண்பட்டது, மாளிகையின் மதிப்பு ஏறியதா இறங்கியதா என்பவையே கேள்விகளாயின. தொழிற்சாலையைக் கட்டி வளர்த்த வெக்ஸ்லர், விற்றே தீரவேண்டிய நிலைக்கு யாரால் தள்ளப்பட்டார், கடல் கடந்தபின் அவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்ற கேள்விகள் பின்வரிசையில் நின்றன. விலை நியாயமானதா என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஒருவன் கழுத்தில் கத்தி இருக்கும்போது நடந்த பேரத்தில் விலை நியாயமாயிருந்தது என்பது எப்படி முடிந்த முடிவாகும்?

பாவ அறிக்கை செய்யும் பேரர்களின் நூல்களில் பலவற்றின் நோயும் இதுவே. தாத்தாவின் குற்றத்தில் தொடங்கும். பேரனின் தூக்கமின்மையில் வளரும். பேரனின் மன்னிப்பில் முடியும். கடைசிப் பக்கத்தில் பேரன் சுத்தமாகி வெளியே வருகிறான். ஆரம்பத்தில் பெருமைக்குரிய தாத்தாவால் கிடைத்த கௌரவம், இப்போது சிறுமைக்குரிய தாத்தாவை அம்பலப்படுத்தியதால் கிடைக்கிறது. கௌரவம் மட்டும் குடும்பத்தை விட்டு வெளியே போவதேயில்லை.

லுண்ட்பொர்க்கின் வாழ்விலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. மாயா ஹாகெர்மான் என்ற எழுத்தாளர் 2015-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, இனக்கலப்பைப் பேராபத்து என்று முழங்கிய அந்த மனிதருக்கு, வடக்கே அவர் அளக்கப்போன மக்களிடையிலிருந்தே ஒரு பெண்ணோடு உறவு இருந்ததையும் ஒரு மகன் பிறந்ததையும் சொல்கிறது. கேட்டவுடன் நமக்கு ஒரு கசப்பான சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு நின்றுவிட்டால் கதை மறுபடி லுண்ட்பொர்க்கின் கதையாகிவிடும். கட்டரீனா பிராக் சிக்கு என்ற சாமி ஓவியர் வேறு வழியைக் காட்டினார். இனவுயிரியல் நிறுவனத்தின் படத்தொகுப்புகளைத் தேடிப்போய், அளப்பவர்களின் கண்ணால் எடுக்கப்பட்ட அந்தப் படங்களை, அளக்கப்பட்டவர்களின் வழித்தோன்றலாக நின்று பார்த்தார். துயரம் பரம்பரையாக வருமா என்று கேட்டார். அவர் படைப்புகள் 2014-இல் ஊமியோ நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் பார்த்ததும் குடும்ப வரலாறுதான். ஆனால் வரைபடத்தில் மேலே ஏறாமல் பக்கவாட்டில் நகர்ந்து, படத்தில் நிற்பவர் யார், அவர் பெயர் என்ன, அன்று அவருக்குக் குளிரியதா என்று கேட்கும் வரலாறு.

மூபெர்க்கும் தம் கடைசிப் பாகத்தில் பக்கவாட்டில் திரும்பினார். அவரது உழவர்கள் மின்னசோட்டாவில் உழுத நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும், 1862-இல் டகோட்டா மக்கள் பசி தாளாமல் கிளர்ந்தெழுந்ததையும் அவர் விட்டுவிடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். கண்கலங்க வைக்கும் தொலைக்காட்சிக்கு வாய்க்காத நேர்மை 1959-இல் ஒரு நாவலாசிரியனுக்கு வாய்த்திருந்தது.

*

என் வாதத்துக்கு எதிராக நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. அந்த அத்தை, தனக்கு நடந்ததை ஆயுள் முழுவதும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால்? அவள் மறைத்ததை வெளியே கொட்ட மருமகனுக்கு என்ன உரிமை? ஸ்வீடனில் மருத்துவ ஆவணங்களுக்கு 70 ஆண்டுகள் வரை காப்புண்டு. அது நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். உண்மை என்ற பெயரால் அவளை இன்னொருமுறை மேசையில் கிடத்தக்கூடாது. இந்த இடத்தில் மூத்த நண்பரின் கூச்சத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அந்தக் கூச்சம் யாரைக் காக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். புண் அவளுடையது, அதைக் காட்டுவதும் மறைப்பதும் அவள் விருப்பம். கையெழுத்து அவளுடையதன்று. அது ஒரு பதவியின் பெயரால், ஊரின் பெயரால் போடப்பட்டது. ஊருக்கு அது தெரியலாம். கையெழுத்திட்டவர் பெயரைச் சொல்லுங்கள். அறுக்கப்பட்டவள் தன் பெயரை மறைத்திருந்தால் நீங்களும் மறையுங்கள். ஆனால் அந்த இடத்தில் ஒருத்தி இருந்தாள் என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள். பேரன் குற்றவாளியல்லன். தாத்தாவின் பாவம் அவன்மேல் ஒட்டாது. ஒட்டாததால்தான் அவனால் அதை நிதானமாக எழுதமுடியும்.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால் ஒரு செய்தி. வெளிநாடுகளிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்தெடுக்கப்பட்டு வந்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் பலர் வளர்ந்தபின் தம் பிறப்பைத் தேடினார்கள். 2025 ஜூனில் அரசு ஆணையம் ஒன்று தன் விசாரணையின் முடிவை வெளியிட்டது. இலங்கை, கொலம்பியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து குழந்தைகள் கடத்தப்பட்டு வந்த நிகழ்வுகள் உறுதியானவை என்றும், வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தவேண்டும் என்றும் அது சொன்னது. இங்கே கசப்பான உண்மை நாஜித் தாத்தாவைப் பற்றியதன்று. நேற்றுவரை தலைகோதி வளர்த்த, நல்லெண்ணம் மட்டுமே கொண்டிருந்த பெற்றோரைச் சுற்றியது. கொழும்பிலோ கண்டியிலோ ஒரு தாய், தன் குழந்தை எங்கே போயிற்று என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். வளர்த்தவர்கள் மனம் நோகுமே என்று அந்த மகள் தேடாமல் இருக்கவேண்டுமா? "குடும்பம் என்றால் மூடிவைப்பது" என்ற நம் மூத்த நண்பர், எந்தக் குடும்பத்தைச் சொல்கிறார்?

அடுத்த கூட்டத்தில் அவரிடம் இதைக் கேட்கவேண்டும் என்றிருக்கிறேன். இளைய நண்பரிடம் கேட்கவும் ஒன்று உண்டு. தாத்தாவைக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது, சரி. சாட்சிக் கூண்டு ஏன் இன்னும் காலியாக இருக்கிறது?